இரு குழுக்களின் இடைகளை ஒப்பிடுதல்: பேராசிரியர் மகலனோபிஸின் வாழ்க்கை



கணித பாடத்தில் ஒரு தரவுத் தொகுதியின் இடையைக் (சராசரியைக்) கணிக்க நீங்கள் கற்றிருக்கிறீர்கள். கூட்டமாக்கிய மீடிறன் பரம்பல் தரப்பட்டாலும் எடுகொண்ட இடையைப் பயன்படுத்தி விடை காண்பீர்கள். இப்போது பின்வரும் வினாவைச் சிந்தியுங்கள். தரம் 11இல் இரு வகுப்புகள் உள்ளன. தவணைப் பரீட்சையில் ஒரு வகுப்பின் கணிதப் புள்ளிகளின் இடை 50, மற்றைய வகுப்பினது 55. இரண்டாம் வகுப்பு கணிதத்தில் சிறந்தது என்று கூறலாமா?

பெரும்பாலானோர் உடனே ஆம் என்பர். 55 என்பது 50இலும் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே மாணவர்களுக்கு அடுத்த வாரம் வேறொரு வினாத்தாளைக் கொடுத்தால் இந்த 5 புள்ளி வேறுபாடு நிலைக்குமா, மறையுமா, மாறித் திரும்புமா? இதற்கு விடை கூறாமல் எந்த வகுப்பு சிறந்தது எனத் தீர்மானிக்க முடியாது. இரு இடைகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு உண்மையானதா, தற்செயலாக ஏற்பட்டதா என ஆராய்வதே புள்ளிவிபரவியலின் முக்கியமான பணிகளுள் ஒன்று.

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வீர்கள். அவர் இந்தியப் புள்ளிவிபரவியலின் தந்தை எனப் போற்றப்படும் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

1. இளமையும் கல்வியும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பெயர் பிரபோத சந்திரர். கல்வியிலும் சமூக சீர்திருத்தத்திலும் ஈடுபாடு கொண்ட பிரம்ம சமாஜக் குடும்பம் அது. கல்கத்தாவிலுள்ள பிரம்ம ஆண்கள் பாடசாலையில் ஆரம்பக் கல்வி பெற்ற அவர், பின்னர் பிறெசிடென்சிக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். தாவரங்களின் தூண்டற்பேற்றை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், இரசாயனவியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் அக்கல்லூரியில் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர்.

1913இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதே அவருடைய திட்டம். கேம்பிறிட்ஜ் நகரைப் பார்க்கச் சென்ற ஒருநாள் இலண்டனுக்குத் திரும்பும் கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டு, நண்பர் ஒருவருடன் இரவு தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் தேவாலயக் கட்டடத்தின் அழகு அவரைக் கவர்ந்தது. அக்கல்லூரியிலேயே விண்ணப்பித்து அனுமதி பெற்றார். தற்செயலைப் பற்றிய விஞ்ஞானத்தைப் பின்னாளில் வளர்த்தவரின் கல்வி, இவ்வாறு ஒரு தற்செயலினால் திசை மாறியது.

2. கேம்பிறிட்ஜில் ஒரு தமிழ் நண்பர்

1914ஆம் ஆண்டு ஏப்பிரலில் கேம்பிறிட்ஜுக்கு ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். அவர்தான் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன். மகலனோபிஸும் இராமானுஜனும் நெருங்கிய நண்பர்களாயினர்.

குளிர்காலத்தில் இரவு முழுவதும் நடுங்கியபடி மேலங்கியும் சால்வையும் போர்த்துத் தூங்கும் இராமானுஜனைக் கண்ட மகலனோபிஸ், கட்டிலில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விரித்து, அவற்றினுள்ளே புகுந்து படுக்க வேண்டும் எனக் காட்டிக் கொடுத்தார். மற்றொரு நாள் சஞ்சிகை ஒன்றில் வந்த வீட்டிலக்கப் புதிரை மகலனோபிஸ் வாசித்துக் காட்டினார். அவர் அதன் விடையைச் சில நிமிடங்களில் முயன்று கண்டிருந்தார். அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டே கேட்ட இராமானுஜனோ, அவ்வகைப் புதிர்கள் அனைத்துக்கும் பொருந்தும் பொது விடையை உடனே கூறினார்.

இருவரின் வழிகளும் வேறானவை. இராமானுஜன் தூய கணிதத்தில் மூழ்கினார். மகலனோபிஸ் 1915இல் பௌதிகவியலில் தேர்ச்சி பெற்று, கணிதத்தை வயல், ஆறு, மனிதர் என்பவற்றின்மீது பிரயோகிக்கும் வழியில் சென்றார்.

3. கப்பலில் வாசித்த சஞ்சிகை

தேர்ச்சி பெற்றதும் ஆய்வுக்காகக் கேம்பிறிட்ஜுக்குத் திரும்பும் எண்ணத்துடன், குறுகிய விடுமுறையில் தாயகம் செல்ல ஆயத்தமானார். முதலாம் உலகப் போர் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதமாகியது. அந்நாட்களில் கல்லூரி நூலகத்தில் இருந்தபோது, ஆசிரியர் மக்கோலே என்பவர் பயோமெற்றிக்கா என்னும் சஞ்சிகையின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். உயிரினங்களின் அளவீடுகளைப் புள்ளிவிபர முறையில் ஆராயும் சஞ்சிகை அது. மகலனோபிஸ் முழுத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் வாசித்துக்கொண்டே வந்தார்.

கல்கத்தாவில் பிறெசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. இங்கிலாந்துக்குத் திரும்பும் எண்ணம் கைவிடப்பட்டது. 1922இல் அங்கு பேராசிரியரானார். பகலில் பௌதிகவியல் கற்பித்தார், மீதி நேரத்தில் புள்ளிவிபரவியல் கற்றார். அக்காலத்தில் இந்தியாவில் அதனைக் கற்பிக்கத் தனியான துறை எதுவும் இருக்கவில்லை.

4. "மாணவன்" கண்ட சோதனை

பயோமெற்றிக்கா சஞ்சிகையில் 1908ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. எழுதியவர் பெயர் "மாணவன்" என்று மட்டுமே காணப்பட்டது. அப்புனைபெயருக்குரியவர் வில்லியம் சீலி கொசெற் என்பவர். அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் பியர் தயாரிக்கும் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். வாற்கோதுமை வகைகளை ஒப்பிடும்போது அவரிடம் மிகச் சில அளவீடுகளே இருந்தன. நாலைந்து அளவீடுகளை மட்டும் கொண்டு எவ்வளவு நம்பிக்கையுடன் முடிவு கூறலாம் என்பதே அவருடைய பிரச்சினை. அதற்கு அவர் கண்ட வழியை றொனால்ட் பிஷர் என்னும் அறிஞர் விரிவாக்கி, 1925இல் வெளியிட்ட நூலின் மூலம் உலகறியச் செய்தார். அதுவே இன்று ரி-சோதனை எனப்படுகிறது.

இச்சோதனை உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எனினும் நீங்கள் கற்ற கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம் என்பவற்றைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். வலிகாமத்துச் செம்மண் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சம அளவான 10 வெங்காயப் பாத்திகள் உள்ளன. 5 பாத்திகளுக்குப் பசளை அ, மற்றைய 5 பாத்திகளுக்குப் பசளை ஆ இடப்படுகிறது. எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படுகிறது. கிடைத்த விளைச்சல் கிலோகிராமில் பின்வருமாறு எனக் கொள்வோம்.

பசளை அ: 20, 22, 24, 26, 28
பசளை ஆ: 23, 25, 27, 29, 31

படி 1: இடைகளைக் காண்க. அ = 24, ஆ = 27. வேறுபாடு 3.

படி 2: ஒவ்வொரு பெறுமானமும் தன் இடையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது எனக் கண்டு, விலகல்களை வர்க்கித்துக் கூட்டுக. அ இன் விலகல்கள் −4, −2, 0, 2, 4. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 16 + 4 + 0 + 4 + 16 = 40. ஆ இற்கும் 40 ஆகும்.

படி 3: அதனைப் பெறுமானங்களின் எண்ணிக்கையிலும் ஒன்று குறைந்த எண்ணால் வகுக்க. 40 ÷ 4 = 10. இது மாறற்றிறன் எனப்படும். இதன் வர்க்கமூலமே நியம விலகல்.

படி 4: ஒவ்வொரு மாறற்றிறனையும் பாத்திகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுக. 10/5 + 10/5 = 4. இதன் வர்க்கமூலம் 2. இது இரு இடைகளின் வேறுபாட்டுக்குரிய நியம வழு எனப்படும். பசளையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், பாத்திக்குப் பாத்தி உள்ள ஏற்றத்தாழ்வினால் மட்டும் இரு இடைகளும் வழக்கமாக எவ்வளவு விலகக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

படி 5: வேறுபாட்டை நியம வழுவால் வகுக்க. 3 ÷ 2 = 1.5. இதுவே ரி பெறுமானம்.

ஐந்து ஐந்து பெறுமானங்கள் கொண்ட இரு குழுக்களுக்கு, அட்டவணையில் தரப்படும் எல்லை 2.31 ஆகும். பசளைகளுக்கிடையே வித்தியாசமே இல்லாதபோது, தற்செயலாக இவ்வெல்லையை இரு பக்கங்களில் ஏதாவதொன்றில் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைகள் மட்டுமே நிகழும். நமது 1.5 அவ்வெல்லையைத் தாண்டவில்லை. ஆகவே பசளை ஆ சிறந்தது என்று கூறுவதற்கு இத்தரவுகள் போதா.

இப்போது வேறொரு தோட்டத்தைப் பார்ப்போம்.

பசளை அ: 23, 24, 24, 24, 25
பசளை ஆ: 26, 27, 27, 27, 28

இங்கும் இடைகள் 24, 27. வேறுபாடு அதே 3. ஆனால் மாறற்றிறன் 0.5 மட்டுமே. நியம வழு 0.45 ஆகும். ரி பெறுமானம் ஏறத்தாழ 6.7. இது 2.31ஐ வெகுவாகத் தாண்டிவிட்டது. இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

கவனிக்க: இரு தோட்டங்களிலும் இடைகள் ஒன்றே, வேறுபாடும் ஒன்றே. முடிவுகள் மட்டும் வெவ்வேறு. இடை தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. குழுவினுள்ளே உள்ள பரவலையும் பெறுமானங்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே அது பேசுகிறது.

5. வெள்ளமும் சராசரியும்

வெங்காயப் பாத்தியில் தவறான முடிவெடுத்தால் ஒரு போகத்து விளைச்சல் குறையும். ஆற்றைப் பற்றித் தவறான முடிவெடுத்தால் பல ஊர்கள் அழியும். மகலனோபிஸ் 1922 முதல் 1926 வரை கல்கத்தாவில் வானிலை அவதான நிலையப் பொறுப்பையும் வகித்தார். 1922இல் வடவங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தடுத்துத் தேக்கப் பெருஞ்செலவில் தேக்கங்கள் அமைக்க வேண்டும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. அரசாங்கம் மகலனோபிஸின் ஆலோசனையை நாடியது. 1870 முதல் 1922 வரையான மழைவீழ்ச்சியையும் வெள்ளங்களையும் அவர் ஆராய்ந்தார். அத்தேக்கங்கள் அவ்விடத்தில் பயன் தரமாட்டா, நீர் விரைவாக வடிந்தோட வழிசெய்வதே தேவை என்று காட்டினார்.

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் படுக்கை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்று பொறியியலாளர் குழு கருதியது. மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் தரவுகளைத் திரட்டி ஆராய்ந்தார். படுக்கை உயர்ந்ததற்குச் சான்று இல்லை, மேல்நிலப் பகுதியில் பெய்த மிகையான மழையே வெள்ளத்திற்குக் காரணம் என்பது அவருடைய முடிவு. கரையை உயர்த்துவதற்குப் பதிலாக மேற்பகுதியில் அணைகள் கட்டுவதை அவர் பரிந்துரைத்தார். மகாநதியில் 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைத் திட்டத்திற்கு அவருடைய கணிப்புகள் முன்னோடியாக அமைந்தன.

நம் குடாநாட்டிலும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழை யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. அப்படிப்பட்ட ஓராண்டைச் சேர்த்துப் பத்து ஆண்டுச் சராசரி எடுத்தால், அச்சராசரி உயர்ந்தே காணப்படும். அதைக் கொண்டு மட்டும் மழை கூடிவிட்டது என்றோ, அடுத்த சில வரண்ட ஆண்டுகளைக் கொண்டு மழை குறைந்துவிட்டது என்றோ முடிவு கட்டலாகாது. ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக உள்ள ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

6. வேறுபாடு உண்டா? எவ்வளவு?

1920இல் நாக்பூரில் நடைபெற்ற இந்திய விஞ்ஞான மகாநாட்டில், விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் நெல்சன் அனண்டேல் அவர்களை மகலனோபிஸ் சந்தித்தார். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடல் அளவீடுகளை அனண்டேல் சேகரித்து வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தரும்படி கேட்டார். 1922இல் வெளிவந்த அந்த ஆய்வே புள்ளிவிபரவியலில் மகலனோபிஸின் முதற் கட்டுரை.

இவ்வாய்வு தொடர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு குழுவுக்கும் மற்றொன்றுக்கும் உயரம் மட்டுமன்றித் தலையின் நீளம், அகலம், மூக்கின் நீளம் எனப் பல அளவீடுகள் இருந்தன. இவற்றின் இடைகளை எல்லாம் ஒருங்கே ஒப்பிட வேண்டியிருந்தது. இதற்கென இலண்டனில் கார்ல் பியர்சன் ஒரு குணகத்தை வகுத்திருந்தார். 1926, 1927ஆம் ஆண்டுகளில் பியர்சனின் ஆய்வுகூடத்தில் சில மாதங்கள் பணிபுரிந்த மகலனோபிஸ், அக்குணகத்தில் ஒரு குறையைக் கண்டார். அளக்கப்படும் ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட அக்குணகமும் பெருகியது. குழுக்களுக்கிடையே உள்ள தூரம் மாறாதிருக்க, அதிகம் பேரை அளந்த காரணத்தால் மட்டும் அவை மேலும் விலகியவைபோலத் தோன்றின.

நமது முதலாவது தோட்டத்தைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். இடைகள் 24, 27 ஆகவும் மாறற்றிறன் 10 ஆகவும் இருக்க, ஒவ்வொரு பசளைக்கும் 5 பாத்திகளுக்குப் பதிலாக 50 பாத்திகள் இருந்தன எனக் கொள்வோம். நியம வழு 10/50 + 10/50 = 0.4 என்பதன் வர்க்கமூலமாகிய 0.63 ஆகும். ரி பெறுமானம் 1.5இலிருந்து ஏறத்தாழ 4.7 ஆக உயர்ந்துவிடும். பசளை முன்னையதைவிட நல்லதாகிவிடவில்லை. நம்முடைய நிச்சயம் மட்டுமே கூடியுள்ளது.

ஆகவே இரு வினாக்களைப் பிரித்துக் கேட்க வேண்டும். வேறுபாடு உண்மையாகவே உண்டா என்பது முதல் வினா. அதற்குச் சோதனை விடை கூறும். உண்டாயின் அது எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் வினா. அதற்கு ஓர் அளவை தேவை. ஒரே ஓர் அளவீடு மட்டும் இருக்குமானால், இடைகளின் வேறுபாட்டை நியம விலகலால் வகுத்தால் அந்த அளவை கிடைக்கும். நமது தோட்டத்தில் 3 ÷ 3.16 = 0.95. பாத்திகள் 5 ஆயினும் 50 ஆயினும் இது மாறாது. பல அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும்போதும் பயன்படத்தக்க பொது அளவையை மகலனோபிஸ் உருவாக்கினார். 1936இல் அவர் வெளியிட்ட அந்த அளவை இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தூரம் என அறியப்படுகிறது.

பியர்சன் அக்காலத்தில் புள்ளிவிபரவியலின் பேரறிஞர். அவர் இத்திருத்தத்தை ஏற்கவில்லை. இளைஞரான மகலனோபிஸ் தம் கணிப்பில் உறுதியாக நின்றார். பின்வந்த அறிஞர்கள் அவருடைய முறையையே ஏற்றுக்கொண்டனர்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். அக்காலத்தில் தலையையும் மூக்கையும் அளந்து மனிதரை உயர்ந்தவர், தாழ்ந்தவர் எனத் தரம் பிரிக்கப் பலர் முயன்றனர். இரு ஊர்களுக்கு இடையே எத்தனை மைல் என்று சொல்வது எந்த ஊர் சிறந்தது என்று சொல்லாதவாறுபோல, இரு குழுக்களின் தூரமும் உயர்வு தாழ்வைக் கூறாது. இன்று இந்த அளவை பயிர் வகைகளை ஆராயவும் நோய்களை இனங்காணவும் கணினியில் உருவங்களை வேறுபடுத்தவும் பயன்படுகிறது.

7. ஒரே நிலத்திற்கு இரண்டு குழுக்கள்

வங்காளத்தின் முக்கிய பயிர்களுள் ஒன்று சணல். எவ்வளவு நிலத்தில் அது பயிரிடப்பட்டுள்ளது, எவ்வளவு விளையும் என்பது அரசாங்கத்திற்கும் விவசாயிக்கும் தேவையான விபரம். எல்லா வயல்களையும் ஒவ்வொன்றாகப் பார்வையிடப் பெருந்தொகையான ஆட்களும் பணமும் வேண்டும். 1937 முதல் மகலனோபிஸ் மாதிரி எடுக்கும் முறையைக் கையாண்டார். எழுமாறாகத் தெரிந்தெடுத்த சில நிலத்துண்டுகளை மட்டும் பார்வையிட்டு முழு மாகாணத்திற்குமான மதிப்பீட்டைப் பெறுவதே அம்முறை.

வெளிக்களப் பணியாளர் எல்லோரும் ஒழுங்காக அளப்பார்களா? மழையில் நனைந்து சேற்றில் நடக்க விரும்பாத ஒருவர், நிலத்துக்குச் செல்லாமலே படிவத்தை நிரப்பிவிடலாம். இதனைக் கண்டுபிடிக்க மகலனோபிஸ் எளிய உபாயம் ஒன்றை வகுத்தார். ஒரே பிரதேசத்தில் ஒன்றையொன்று ஊடுருவும் இரு மாதிரிகளை எடுத்தார். அவற்றை இரு வெவ்வேறு குழுவினர் ஒருவரையொருவர் சாராமல் அளந்தனர். பின் இரு குழுக்களின் இடைகளும் ஒப்பிடப்பட்டன. பிரதேசம் ஒன்றே ஆகையால், இரு இடைகளும் தற்செயலான சிறு வேறுபாட்டுடன் ஒத்துவர வேண்டும். தற்செயலுக்கு மிஞ்சிய வேறுபாடு இருந்தால், அளவீட்டிலோ அளந்தவரிலோ பிழை உண்டு.

இவ்விடத்தில் ஒப்பீடு தலைகீழாகப் பயன்படுவதைக் கவனியுங்கள். பசளைப் பரிசோதனையில் வேறுபாட்டைத் தேடினோம். இங்கு வேறுபாடு இல்லாதிருத்தலே நற்சான்று.

1943இல் வங்காளம் கொடிய பஞ்சத்திற்கு உள்ளானது. பல இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். அதன் பின்விளைவுகளை அறிய மகலனோபிஸின் குழுவினர் கிராமங்களில் மாதிரி ஆய்வை நடத்தினர். நிலத்தையும் மாட்டையும் விற்று வறுமையில் வீழ்ந்த குடும்பங்களின் நிலை அதன்மூலம் எண்களாக வெளிவந்தது. எண்களில் பிழை நேர்ந்தால் உதவி வேண்டியவருக்கு உதவி கிடைக்காது போகும் என்பதை இவ்விடத்தில் நீங்கள் உணர்வீர்கள்.

இலங்கையிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் தெரிந்தெடுத்த நெல்வயல்களில் சிறு பகுதிகளை அறுவடை செய்து நிறுத்து, மாவட்டத்தின் சராசரி விளைச்சலை மதிப்பிடுகிறது. இவ்வகை மாதிரி அறுவடை முறையைப் பெருமளவில் வளர்த்தெடுத்த முன்னோடிகளுள் மகலனோபிஸும் ஒருவர்.

8. நிறுவனமும் பிற்காலமும்

பிறெசிடென்சிக் கல்லூரியின் பௌதிகவியற் பகுதியில் ஓர் அறையிலேயே அவருடைய புள்ளிவிபர ஆய்வுகூடம் இயங்கியது. 1931 டிசெம்பர் 17ஆம் திகதி கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை அமைக்க முடிவாயிற்று. 1932இல் அது பதிவு செய்யப்பட்டது. முதலாண்டில் செலவான பணம் 238 ரூபா மட்டுமே. 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. எண் என்பதோடு தெளிந்த அறிவு என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு.

1945இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1950இல் தொடங்கிய இந்திய தேசிய மாதிரி ஆய்வுக்கு வழிகாட்டினார். 1956இல் இந்தியாவின் முதலாவது இலக்கமுறைக் கணினி அவருடைய நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அவர் வகுத்த மாதிரியுரு அடிப்படையானது. கவிஞர் தாகூரின் நெருங்கிய நண்பராகவும் விசுவபாரதியின் செயலாளர்களுள் ஒருவராகவும் நெடுங்காலம் இருந்தார். அவருடைய மனைவி நிர்மலகுமாரி. 1968இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

1972 ஜூன் 28ஆம் திகதி, தமது 79ஆவது பிறந்த நாளுக்கு முதல்நாள், காலமானார். அவர் பிறந்த ஜூன் 29ஆம் திகதி 2007 முதல் இந்தியாவில் தேசியப் புள்ளிவிபர தினமாகக் கொண்டாடப்படுகிறது.

9. உங்களுக்கு இதனால் என்ன பயன்?

மாணவர்களே, சராசரிகளை ஒப்பிடும் கூற்றுகளை நீங்கள் நாள்தோறும் கேட்கிறீர்கள். எங்கள் வகுப்பில் படித்தவர்களின் சராசரிப் புள்ளி கூடியது என்று தனியார் கல்வி நிலையத் துண்டுப்பிரசுரம் கூறும். இந்த மருந்தால் அதிகம் பேர் குணமடைந்தனர் என்று விளம்பரம் கூறும். அந்த ஊர்ப் பிள்ளைகள் கெட்டிக்காரர் என்று பெரியவர்கள் கூறுவர். ஒவ்வொரு தடவையும் பின்வரும் நான்கு வினாக்களையும் கேளுங்கள்.

(அ) ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் இருந்தனர்?
(ஆ) குழுவினுள்ளே பெறுமானங்கள் எவ்வளவு பரவியிருந்தன?
(இ) இரு குழுக்களும் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன? கெட்டிக்காரரை மட்டும் முதலிலேயே தெரிந்தெடுத்த வகுப்பின் சராசரி கூடுவதற்குக் கற்பித்தல் காரணமாகாது.
(ஈ) வேறுபாடு உண்மையாயினும், பொருட்படுத்தும் அளவு பெரியதா?

ஒரு தவணைப் பரீட்சையில் உங்கள் வகுப்பின் இடை சற்றுக் குறைந்துவிட்டது என்பதற்காகச் சோர்வடையவும் வேண்டாம், சற்றுக் கூடியது என்பதற்காக மற்றவரை இகழவும் வேண்டாம். அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என ஆராய்ந்து பாருங்கள்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1893 – கல்கத்தாவில் பிறப்பு
1908 – கொசெற்றின் கட்டுரை வெளியீடு
1915 – கேம்பிறிட்ஜ் தேர்ச்சி, தாயகம் திரும்புதல்
1922 – முதற் புள்ளிவிபரக் கட்டுரை
1931 – இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை அமைக்க முடிவு
1936 – மகலனோபிஸ் தூரம் வெளியீடு
1950 – தேசிய மாதிரி ஆய்வு
1972 – மறைவு

மீட்டற் பயிற்சி

1. மகலனோபிஸ் பிராமணி ஆற்றைப் பற்றிக் கண்ட முடிவு பொறியியலாளர் குழுவின் கருத்திலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

2. ஒரே நிலப்பரப்பை இரு குழுவினர் தனித்தனியே அளப்பதன் நோக்கம் யாது?

3. இரு வகுப்புகளிலிருந்து எழுமாறாகத் தெரிந்த ஐவர் ஐவரின் புள்ளிகள் வருமாறு.
வகுப்பு அ: 40, 50, 50, 50, 60
வகுப்பு ஆ: 45, 55, 55, 55, 65
(i) ஒவ்வொரு வகுப்பினதும் இடையைக் காண்க.
(ii) மாறற்றிறனைக் காண்க.
(iii) ரி பெறுமானத்தைக் கணித்து, எல்லை 2.31 எனக் கொண்டு முடிவு கூறுக.

விடைக்குறிப்பு (வினா 3): இடைகள் 50, 55. வர்க்கங்களின் கூட்டுத்தொகை ஒவ்வொன்றும் 200, மாறற்றிறன் 50. நியம வழு 20இன் வர்க்கமூலம், அதாவது 4.47. ரி = 5 ÷ 4.47 = 1.12. இது 2.31இலும் குறைவு. ஆகவே இத்தரவுகளைக் கொண்டு வகுப்பு ஆ சிறந்தது எனக் கூற முடியாது. இரு வகுப்புகளும் சமம் என்று நிரூபிக்கப்பட்டதாகவும் கொள்ளலாகாது. மேலும் பலரின் புள்ளிகள் கிடைத்தால் முடிவு தெளிவாகலாம்.